பேனரில் பெய்த பனி

என் கணவர் விமானப்படையில் இருந்தவர் என்று சொன்னால், கேட்பவர் யாராக இருந்தாலும் அடுத்த கேள்வி, "பைலட்டா?" என்பதுதான். இல்லை என்றதும் முகம் லேசாகத் தொங்கிப்போகும், பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதுபோல. அந்த முகத்தை நான் முதலில் பார்த்தது என் அப்பாவிடம். ஆவடி குவார்ட்டர்ஸுக்கு என் கணவர் பெண் பார்க்க வந்த அன்று, ஓட்டுகிறவர் இல்லையென்றால் நீங்கள் அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று அப்பா விசாரித்தார்.

"ஹெலிகாப்டர்ல கதவாண்ட குந்திகினு இருப்பேன் மாமா" என்றார் அவர்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். வாழ்நாள் முழுக்க இரும்பை ராவியே சம்பளம் வாங்கியவருக்கு, கதவருகில் உட்கார்ந்திருப்பதற்கும் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது என்பது புதுச் செய்தி. பஸ் கண்டக்டர் மாதிரி போல என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள். அம்மா சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி. ஹெலிகாப்டரில் ஏறும் ஆட்கள், மூட்டைகள், அடிபட்டவர்களைக் கிடத்தும் ஸ்ட்ரெச்சர் எல்லாம் அவர் பொறுப்பு. இறங்குகிற இடத்தில் மரம், கம்பி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துப் பைலட்டுக்குச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் கதவில் பொருத்தியிருக்கும் துப்பாக்கியையும் பிடிக்க வேண்டும். ஃபிளைட் கன்னர் என்று அந்த வேலைக்குப் பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயரும் திருப்தியாக இல்லை. கல்யாணப் பத்திரிகையில் 'இந்திய விமானப்படை' என்று மட்டும் போட்டு, மேலே ஒரு போர் விமானத்தின் படத்தை அச்சடிக்கச் சொன்னார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதை அந்த விமானமே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

என் கணவருடைய அப்பா சென்னீர்குப்பத்தில் லாரி ஓட்டியவர். பள்ளிக்கூட லீவில் அந்த லாரிக்கு இவர்தான் கிளீனர். பெங்களூர் ரோட்டில் லாரிக் கதவில் தொங்கிக்கொண்டு "ரைட்ல வா, ரைட்ல வா, போலாம்" என்று கத்திப் பழகிய வாய், பிறகு அதே வேலையை ஆகாயத்தில் செய்தது. மொழி மட்டும் இங்கிலீஷ். அதுவும் பதட்டம் வந்தால் மறந்துபோகும் என்றார். ஒருமுறை மரக்கிளை ஒன்றைக் கண்டு "ஒட்சிக்கினு தூக்கு சார்" என்று மைக்கில் கத்தியிருக்கிறார். பஞ்சாபிப் பைலட்டுக்கு எப்படியோ புரிந்து, ஹெலிகாப்டரைச் சரியாகத் திருப்பித் தூக்கிவிட்டாராம்.

நான் ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அயனம்பாக்கத்தில் ஏரிக்கு இந்தப் பக்கம் கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினோம். அங்கே அப்போது ரோடு இல்லை, விளக்கு இல்லை, குடியிருப்போரும் அதிகம் இல்லை. குடியிருப்போர் நலச் சங்கம் மட்டும் இருந்தது. அதன் செயலாளர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை செய்தவர். எந்தக் கேள்விக்கும் "கமிட்டியில வச்சுப் பேசணும்" என்று பதில் சொல்லும் மனிதர். மணி என்ன என்று கேட்டால் மட்டும் நேராகச் சொல்வார்.

மகள் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தபோது, எண்பத்தேழில், அமைதிப்படை இலங்கைக்குப் போனது. கூடவே அவருடைய ஹெலிகாப்டரும் போனது. நடுவில் ஒரே ஒருமுறைதான் லீவில் வந்தார். உடம்பு இளைத்திருந்தது. மகள் அவரைப் பார்த்து அழுதது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னார்.

படையில் தமிழ் பேசுகிறவர் கிடைத்தால் எல்லா அதிகாரிகளும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்களாம். ஒருநாள் யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியார் ஏதோ முறையிட வந்திருக்கிறார். இவரை நடுவில் நிறுத்தினார்கள். வாத்தியார் செந்தமிழில் ஒரு மூச்சு பேசி முடித்தார். இவருக்குப் பாதி புரியவில்லை. "இன்னா சார் ஆச்சு, கொஞ்சம் மெதுவா சொல்லு" என்றார். வாத்தியார் இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, அழகான இங்கிலீஷில், இந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது, நாம் நேராகவே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவருடைய மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் போயிற்று.

அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு மகளின் காலில் கொலுசைத் திருகிக்கொண்டே சொன்னார்: "சுட்றவனும் தமிழ்ல கத்தறான் மே. அடிபட்டவனும் தமிழ்லதான் கத்தறான். நானும் தமிழ்ல கத்தறேன். யாருக்கும் எதுவும் கேக்கல."

அந்த லீவில் அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கடைக்காரர் சுவரில் ஈழத்துப் போராளிப் பையன்களின் படம் ஒட்டியிருந்தார். அங்கே போய் நம் ஆட்களையே அடிக்கிறீர்களாமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இவர் கிளாஸை வைத்துவிட்டு வந்தார். பின்னால் ஒருநாள் அதே கடைக்காரர் என்னிடம், உன் புருஷன் அங்கே போயிருக்கவே கூடாதும்மா என்று வருத்தப்பட்டார். "அவர் டிக்கெட் எடுத்தா போனாரு?" என்று கேட்டேன். அவர் பாலை ஆற்றுவதில் மும்முரமானார்.

லீவு முடிந்து போனவர் சவப்பெட்டியில் வந்தார்.

தொழிற்சாலை வாசலுக்கு இரண்டு பேர் வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நடந்ததைப் பிறகு ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து சொன்னார். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது தோப்புக்குள்ளிருந்து சுட்டிருக்கிறார்கள். கடைசி ஸ்ட்ரெச்சரை உள்ளே இழுத்தது அவர்தான். கிளம்பலாம் என்று சொன்னதும் அவர்தான். மேலே எழும்பிய பிறகுதான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பதைப் பார்த்தார்களாம். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்களா என்று கேட்டேன். ஒருவரைத் தவிர, என்றார் அதிகாரி. அந்த ஒருவர் யார் என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், கையிலிருந்த குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனேன்.

அடக்கம் பூந்தமல்லிக் கல்லறையில். விமானப்படைக்காரர்கள் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து ஜனம் வந்தது, எங்கள் சர்ச் சபையிலிருந்து வந்தது. லாரி ஷெட்டிலிருந்து அவருடைய கூட்டாளிகள் வந்து, குண்டுச் சத்தத்துக்கு அஞ்சாமல் ஓவென்று அழுதார்கள். எங்கள் காலனியிலிருந்துதான் ஆள் இல்லை. செயலாளருக்கு அன்று பார்த்து அரக்கோணத்தில் அவசர வேலை. கமிட்டி மொத்தத்துக்கும் அதேபோல் ஒவ்வொரு ஊரில் அவசரம் வந்திருந்தது. ஒரு கட்சிக்காரர் ஆட்டோவில் மாலை மட்டும் அனுப்பியிருந்தார். பெரிய ரோஜா மாலை. யார் அனுப்பியது என்ற சீட்டைக் கிழித்து எடுத்திருந்தார்கள். சீட்டைக் கட்டியிருந்த நூல் மட்டும் தொங்கியது. ஆட்டோக்காரரிடம் கேட்டதற்கு, சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதாகச் சொல்லி, கூடவே அவர் பெயரையும் சொல்லிவிட்டார்.

போதகர் ஐயா நல்லவர். ஆனால் சபையில் இரண்டு பக்கமும் ஆள் உண்டு, அவர் என்ன செய்வார். யோனா தீர்க்கதரிசியை எடுத்துக்கொண்டார். கடல், புயல், மீனின் வயிறு என்று நீளமாகப் பேசினார். இறந்தவர் கடல் கடந்து எந்த நாட்டுக்குப் போனார், அங்கே யாரோடு என்ன சண்டை என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்த என் சித்தி, மாப்பிள்ளையை மீன் விழுங்கிவிட்டதா என்று என் காதில் கேட்டாள். அன்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். எல்லோரும் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அதன்பிறகு யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்குப் பத்து வருஷம் போதுமானதாக இருந்தது. ரோடு வந்தது, விளக்கு வந்தது, வீடுகள் நெருங்கின. கணவர் என்ன ஆனார் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "டூட்டியில இறந்துட்டார்" என்பேன். தொழிற்சாலை ஊரில் அது போதும். மெஷினில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி நினைத்துக்கொண்டவர்களில் ஒருத்தி எங்கள் பின்வீட்டுக்கு வாடகைக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். படகில் ராமேஸ்வரம் வந்து, முகாமில் இருந்து, அப்புறம் இங்கே வந்தவள். அம்பத்தூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. நான் படைக்குத் தைக்கிறேன், அவள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தைக்கிறாள் என்பதுதான் எங்கள் முதல் பேச்சு. காலையில் ஒன்றாக நடந்து பஸ் ஏறுவோம். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். தம்பி ஒருவன் இருந்தான், சண்டையில் போய்விட்டான் என்று ஒருமுறை சொன்னாள். எந்தச் சண்டை என்று நான் கேட்கவில்லை. எந்த டூட்டி என்று அவளும் கேட்டதில்லை. அதனால்தான் நன்றாகப் பழகினோம் என்று இப்போது தோன்றுகிறது.

கார்கில் சண்டை நடந்த கோடையில் எல்லாம் மாறியது. எல்லார் வீட்டு டிவியிலும் மலை, பனி, பீரங்கி. கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. பக்கத்துக் காலனி நிதி திரட்டி அனுப்பி, பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. எங்கள் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் கமிட்டியில் யாருக்கோ, நம் காலனியில் சொந்தமாகவே ஒரு தியாகி இருக்கிறாரே என்று ஞாபகம் வந்தது.

செயலாளர் ஆப்பிளோடு வந்தார். பத்து வருஷத்தில் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. காலனி முகப்பில் இரும்பு வளைவு வைத்து அதில் உங்கள் கணவர் படத்தை மாட்டப்போகிறோம் என்றார். யூனிபாரத்தில் இருக்கும் போட்டோ ஒன்று கேட்டார். கொடுத்தேன். மறுக்கத் தோன்றவில்லை. இவ்வளவு காலம் கழித்தாவது யாரோ கேட்கிறார்களே என்று ஒரு ஆசை.

படம் தயாரானதும் என்னையும் மகளையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். அம்பத்தூர் பேனர் ஆர்ட்டிஸ்ட் பெரிதாகத்தான் எழுதியிருந்தார். முகம் அவர் முகம், மீசையும் அவருடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு அதிகாரி. கையில் பைலட் ஹெல்மெட். தோளில் பஞ்சு வைத்த குளிர்க் கோட்டு. பின்னால் இரண்டு போர் விமானங்கள், மலைச்சிகரம், சுற்றிலும் பனி. மீசையில்கூட இரண்டு துளி பனி வைத்திருந்தார்.

குளிர்க் கோட்டு தைப்பது என் பிழைப்பு. என் கணவர் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. மார்கழியில் ஆவடிக் குளிருக்கே காதில் மப்ளர் சுற்றிக்கொள்ளும் ஆள் அவர்.

மகள் என் கையைப் பிடித்து, "அப்பா இங்கியா செத்தாரு?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், நான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவ்வளவு பெரிய படத்தைப் பார்த்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அவர் பனியையே பார்த்ததில்லை" என்றேன் செயலாளரிடம். "அவர் போனது யாழ்ப்பாணம். அங்க பனைமரம்தான் இருக்கு."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பனைமரம் போட்டா பத்துப் பேர் பத்துக் கேள்வி கேப்பாங்க. பனி போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கண்ணுல தண்ணி மட்டும்தான் வரும்."

நியாயமான பேச்சுதான். இருந்தாலும், பனி இருந்தால் நான் விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தியாகியின் மனைவி இல்லாமல் விழாவா. பொன்னாடை யாருக்குப் போர்த்துவது? அவசரக் கமிட்டி கூடியது. டீ இரண்டு முறை வந்தது என்று கேள்வி. பனை கூடாது, கடல் கூடாது, பனியும் இனிமேல் முடியாது. கடைசியில் பின்னணி மொத்தத்தையும் நீலமாக அடித்துவிடுவது என்று ஏகமனதாக முடிவானது. ஆகாயம் எல்லோருக்கும் பொது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் செயலாளர். மீசையிலிருந்த பனியை என் கண்முன்னாலேயே டர்பன்டைன் போட்டுத் துடைத்தார்கள்.

ஆனால் கமிட்டி கூடினால் காலனி முழுக்கச் சேதி போய்விடும். ஏன் பனியை அழித்தார்கள் என்பது தண்ணி லாரி வரிசையில் பேச்சானது. மறுநாள் காலை பின்வீட்டுக்காரி பஸ்ஸுக்கு என்னோடு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மகள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனாள், தலைவலி என்று சொல்லி அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தபோது எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உங்கட அவர் பலாலியிலோ இருந்தவர்?" என்று கேட்டாள்.

ஆமாம், அந்த யாழ்ப்பாண விமானத்தளத்தில்தான் என்றேன். ஹெலிகாப்டரில் என்றேன். அடிபட்டவர்களை ஏற்றுகிற வேலை என்றேன். துப்பாக்கியும் இருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பனிதான்.

அவள் வாசல் செடியில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். "ரெண்டு பக்கத்தாலயும் வெடிச்சுது அக்கா. நடுவில எங்கட வீடு. தம்பி கிணத்தடியில நிண்டவன். ஆர் சுட்டது எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் கணவரைச் சுட்டது யார் என்றும் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொன்னால் ஏதோ பங்கு பிரிப்பதுபோல ஆகிவிடும்.

"உங்களில எனக்குக் கோவமில்ல" என்றாள். "ஆனா அந்தப் படத்துக்குக் கீழால நான் நடக்கமாட்டன்."

சரி என்றேன். அவள் போய்விட்டாள்.

விழா நன்றாகவே நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேண்டு வாசித்தார்கள். தலைமை தாங்க வந்தவர் வேறு யாருமில்லை, சீட்டில்லாத மாலை அனுப்பியவர்தான். இம்முறை அவர் பெயர் என் கணவர் பெயரைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. பின்னணி மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. எழுதிக்கொண்டு வந்த பேச்சைக் கீழே வைக்காமல், உறைபனியில் நின்று நம் எல்லையைக் காத்த சிங்கம் என்று நெடுநேரம் முழங்கினார். வெயில் கொளுத்தியது. மேடையில் என் பக்கத்திலிருந்த செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கமிட்டியில சொல்லியிருந்தோம்மா" என்று முணுமுணுத்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பிரஷர் குக்கர் ஒன்றும் கொடுத்தார்கள். மகள் கூட்டத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் பேப்பரில், ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் வீரமனைவி என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினேன். பின்வீட்டுக்காரி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முகப்புப் பக்கம் போகாமல் ஏரிக்கரை வழியாகத் திரும்பினாள். அந்தப் பாதை சுற்று. மழை பெய்தால் சேறு, எருமைகள் வேறு நிற்கும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் பின்னால் திரும்பினேன். எனக்கும் அந்த வளைவின் கீழ் போகப் பிடிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால், நீல வெறுமையில், வேறு யாருடைய உடம்பிலோ நின்றுகொண்டு அவர் என்னைப் பார்ப்பார். எப்படி மே இங்க வந்தேன் என்று கேட்பதுபோல இருக்கும்.

என் காலடிச் சத்தம் கேட்டு அவள் நின்றாள். நான் கிட்டே வரும்வரை காத்திருந்தாள். அன்று பஸ் ஸ்டாப் போகும்வரை, அவளுடைய கம்பெனியில் புதிதாக வந்த, பட்டனுக்குக் காஜா எடுக்கும் மெஷினைப் பற்றி மட்டும் பேசினோம். சாயங்காலம் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனாள். இந்த முறை உடனே திரும்பி வரவில்லை, கணக்கு முடிந்துதான் வந்தாள்.

அதுவே வழக்கமாயிற்று. ஒருநாள் வாக்கிங் வந்த செயலாளர் எங்களை ஏரிக்கரையில் பார்த்துவிட்டார். நேர் ரோடு இருக்க ஏன் இப்படிச் சுற்றிப் போகிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். எருமையை விரட்டி எங்களுக்கு வழியும் விட்டார்.

"இங்க காத்து நல்லா வருது சார்" என்றேன்.

"ஓம், நல்ல காத்து" என்றாள் அவள்.

இந்தப் பாதையைச் சிமெண்ட் போடுவது பற்றிக் கமிட்டியில் வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பஸ் வரும் சத்தம் கேட்டது. நாங்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.